படகில் ஏறும் முன் எண்ணிப் பாருங்கள்!

திண்டுக்கல்லிலிருந்து தேக்கடிக்குப் போகிற வழி இருக்கிறதே, அதுவே பாதி சுற்றுலா! வத்தலக்குண்டு, பெரியகுளம், தேனி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் என்று ஊர்ப் பெயர்களைச் சொல்லிக்கொண்டே போகலாம். கம்பம் பள்ளத்தாக்குக்குள் நுழைந்துவிட்டால் இரண்டு பக்கமும் நெல் வயல், தென்னந்தோப்பு, திராட்சைப் பந்தல். ரோட்டோரத்தில் பன்னீர் திராட்சையைக் கூடை கூடையாக வைத்து விற்கிறார்கள். கூடலூரைத் தாண்டினால் லோயர் கேம்ப். மலை மேலிருந்து ராட்சதக் குழாய்கள் இறங்கி வருவதைக் குழந்தைகளுக்குக் காட்டினோம். பெரியாற்றுத் தண்ணீர் அதன் வழியாக இறங்கி, மின்சாரம் கொடுத்துவிட்டு, நம் வயல்களுக்கும் வருகிறது. அணையைக் கட்டிய பென்னிகுவிக் துரைக்கு அங்கே 2013-ல் மணிமண்டபம் திறந்திருக்கிறார்கள். இந்தப் பக்கத்து வீடுகள் பலவற்றில் அவர் படம் சாமி படத்துக்கு அருகில் மாட்டியிருக்கும்.

அங்கிருந்து மலை ஏறினால் குமுளி. நாங்கள் போனது மார்கழி மாதம், அரையாண்டு விடுமுறை. சபரிமலை சாமிமார்களின் கூட்டம், ஏலக்காய் வாசனை, நேந்திரங்காய் சிப்ஸ் பொரிக்கிற தேங்காய் எண்ணெய் வாசனை எல்லாம் கலந்து ஊரே ஜேஜே என்றிருந்தது. என் மாமியார் குளிருக்குச் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "யானை வருமாடா?" என்று பேரனைக் கேட்டுக்கொண்டே வந்தார்.

தேக்கடி ஏரி என்று நாம் சொல்வது இயற்கையான ஏரி அல்ல. 1895-ல் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீர் தேங்கி நிற்கும் இடம். சுமார் 26 சதுர கிலோமீட்டர். காட்டுப் பள்ளத்தாக்கு அப்படியே முழுகிப்போனதால், அந்தக் காலத்து மரங்களின் பட்டுப்போன அடிமரங்கள் இன்றும் தண்ணீருக்கு மேலே கறுப்புக் கறுப்பாக நீட்டிக்கொண்டிருக்கின்றன. அதன் உச்சியில் நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பார்க்க அழகுதான். ஆனால் படகோட்டிக்கு ஒவ்வொரு மரமும் எங்கே நிற்கிறது என்று மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டும். பள்ளத்தாக்கில் நிற்கும் தண்ணீர் என்பதால் கரையை ஒட்டியே ஆழம் தொடங்கிவிடும் என்பதையும் தாய்மார்கள் நினைவில் வைக்க வேண்டும்.

அந்த செப்டம்பர் மாலை

2009 செப்டம்பர் 30-ம் தேதி. சாயங்கால சவாரிக்குப் போன 'ஜலகன்யகா' என்ற இரட்டைத் தளப் படகு இதே ஏரியில் கவிழ்ந்தது. 45 பேர் இறந்தார்கள். பழைய படகு என்று நினைத்துவிடாதீர்கள். ஓடத் தொடங்கி இரண்டு மாதம்கூட ஆகாத புதுப் படகு! புயலும் இல்லை, பெரிய அலையும் இல்லை. கரையில் விலங்குகள் தெரிந்ததும் மேல்தளத்தில் இருந்தவர்கள் எழுந்து ஒரே பக்கமாகப் போனார்கள், படகு சாய்ந்தது, அப்படியே புரண்டது என்று தப்பியவர்கள் சொன்னார்கள். யாரும் உயிர்காப்புச் சட்டை அணிந்திருக்கவில்லை. உள்ளே இருந்த பலருக்கு வெளியே வர வழி கிடைக்கவில்லை.

விலங்கு பார்க்கத்தானே அவர்கள் போனார்கள்? யானை தெரிந்தால் நீங்களும் நானும் எழுந்து பார்க்க மாட்டோமா? ஆகவே பார்க்க வந்தவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. 'இவர்கள் கட்டாயம் எழுந்திருப்பார்கள்' என்று முன்கூட்டியே நினைத்துப் பார்த்து, அதற்குத் தக்க படகையும், அதற்குத் தக்க ஆட்களையும், அதற்குத் தக்க ஏற்பாட்டையும் செய்ய வேண்டியவர் படகு விடுகிறவர். விபத்து நடப்பது நடுத்தண்ணீரில்தான். ஆனால் அதற்கு விதை போடுவது கரையில், கயிறு அவிழ்க்கும் முன்பே!

படகு ஏன் கவிழ்கிறது?

இதைத் தெரிந்துகொள்ள எஞ்சினீயரிங் படிக்க வேண்டாம். ஒரு வாளித் தண்ணீரும் ஒரு கிண்ணமும் போதும். கிண்ணத்தைத் தண்ணீரில் மிதக்கவிட்டு அடியில் நாலு கூழாங்கல்லைப் போடுங்கள். லேசாகத் தட்டினால் ஆடிவிட்டு நேராக நின்றுவிடும். இப்போது ஒரு டம்ளரைக் கிண்ணத்துக்குள் கவிழ்த்து வைத்து அதே கற்களை டம்ளரின் மேல் வையுங்கள். கனம் மேலே ஏறிவிட்டது. விரலால் தொட்டாலே போதும், சாயும். மேல்தளத்தில் கூட்டத்தை ஏற்றுவதும், உட்கார்ந்தவர்கள் எழுந்து நிற்பதும் இதேதான்.

இன்னொன்று. அகலமான தாம்பாளத்தில் பாதி தண்ணீர் ஊற்றித் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறீர்களா? கொஞ்சம் சாய்ந்தால் தண்ணீர் முழுக்க அந்தப் பக்கம் ஓடி, தாம்பாளத்தை இன்னும் சாய்த்துவிடும். படகுக்குள் கசிந்து நிற்கும் தண்ணீரும் அப்படித்தான் செய்யும். ஆகவே அடித்தளத்தில் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கிற படகில், 'இது எப்பவும் உள்ளதுதாம்மா' என்று யார் சொன்னாலும் ஏறாதீர்கள்.

அளவுக்கு மீறிய ஆட்கள், ஒரே பக்கம் போவது, நிலையில்லாத படகு, கசிவு... இவற்றோடு காற்றும் மழையும், இருட்டு, வேகமாக வளைத்துத் திருப்புவது, ஓட்டுகிறவரின் குடிப் பழக்கம், பயிற்சி இல்லாமை ஆகியவையும் சேர்ந்தால் பட்டியல் ஏறக்குறைய முடிந்துவிடும். எந்த ஊர் விபத்தை எடுத்தாலும் இவற்றில் இரண்டு மூன்றாவது சேர்ந்தே இருக்கும்.

எங்கள் தேக்கடி சவாரி

நாங்கள் ஏறியபோது எல்லோருக்கும் ஆரஞ்சு நிறச் சட்டை கொடுத்தார்கள். பெயருக்குக் கொடுத்துவிட்டுப் போகவில்லை. ஒருவர் வரிசை வரிசையாக வந்து கயிற்றை இழுத்துப் பார்த்தார். என் மாமியார், "எனக்கு எதுக்குய்யா இது? மூச்சு முட்டுது" என்று கழற்றப் போனார். "அம்மச்சி, போட்டே ஆகணும். இல்லேன்னா போட்டு எடுக்காது" என்று மலையாள வாடையோடு சிரித்துக்கொண்டே சொன்னார் அவர். ஆனால் நகரவில்லை! மாமியார் மறுபடி போட்டுக்கொண்ட பிறகுதான் அடுத்த வரிசைக்குப் போனார்.

அரை மணி நேரம் கழித்து வலது பக்கக் கரையில் காட்டெருமைக் கூட்டம். "அதோ! அதோ!" என்று ஒரு பையன் எழுந்தான். உடனே பின்னாலிருந்து குரல்: "இருக்கணும், இருக்கணும்! படகு பக்கத்துல போகும், எல்லாருக்கும் தெரியும்." சொன்னபடியே படகு மெதுவாகத் திரும்பி, இரண்டு பக்கத்தாரும் பார்க்கும்படி நின்றது. யாரும் எழவில்லை, யாரும் ஏமாறவும் இல்லை. அந்த ஒன்றரை மணி நேரமும் எனக்கு நிம்மதியாகவே இருந்தது. நல்ல நிர்வாகம் என்றால் இதுதான். பயணியை அதட்டுவது அல்ல. அவர் எழ வேண்டிய அவசியமே வராமல் பார்த்துக்கொள்வது.

இறங்கிவிட்ட கதை

எல்லா இடத்திலும் இப்படி இருக்காது. 2022 கோடை விடுமுறையில் வேறொரு காயல் கரைக்கு நாத்தனார் குடும்பத்தோடு போயிருந்தோம். ஊர்ப் பெயர் வேண்டாம். படகின் பக்கவாட்டில் 20 பேர் என்று பெயின்ட்டில் எழுதியிருந்தது. நான் உட்கார்ந்தபடியே எண்ணினேன். 27 தலை. இன்னும் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கேட்டதற்கு, "சின்னப் பிள்ளைங்களை எல்லாம் கணக்குல சேர்க்காதீங்கம்மா" என்றார் டிக்கெட் கொடுத்தவர். சட்டைகள் ஒரு தார்ப்பாய்க்கு அடியில் குவியலாகக் கிடந்தன. ஒன்றை எடுத்துப் பார்த்தேன். கயிறே இல்லை. பொழுதும் சாய்ந்துகொண்டிருந்தது.

சின்னப் பிள்ளைகளைக் கணக்கில் சேர்க்காமல் வேறு யாரைச் சேர்ப்பது? நான் இரண்டு குழந்தைகளையும் கையில் பிடித்துக்கொண்டு இறங்கிவிட்டேன். நாத்தனாருக்கு முகம் சுருங்கிவிட்டது. "மதினி எப்பவுமே இப்படித்தான். பிள்ளைங்க எவ்வளவு ஆசையா வந்துச்சுங்க!" என்றாள். என் கணவர் ஒரு நிமிஷம் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, பேசாமல் இறங்கி என் பக்கம் வந்து நின்றார். பணத்தில் பாதிதான் திரும்பக் கிடைத்தது. மகள் அழுதாள். படகு நாத்தனார் குடும்பத்தோடு போனது. கரையில் நின்ற அந்த முக்கால் மணி நேரம் எனக்கு யுகமாகக் கழிந்தது.

படகு பத்திரமாகவே திரும்பி வந்தது. "பாத்தீங்களா மதினி? ஒண்ணும் ஆகலையே!" என்று சிரித்துக்கொண்டே இறங்கினாள். நான் பதில் பேசவில்லை. அன்று இரவு சாப்பாட்டில்கூட எல்லோரும் கேலி செய்தார்கள். பொறுத்துக்கொண்டேன். அதிகம் ஏற்றிய படகும் பெரும்பாலான நாள் பத்திரமாகத்தான் திரும்பும். அதுதான் ஆபத்தே! நேற்று ஒன்றும் ஆகவில்லை என்ற தைரியத்தில்தான் இன்று இன்னும் இரண்டு பேரை ஏற்றுகிறார்கள்.

மறு வருஷம் மே 8-ம் தேதி காலையில் நாத்தனாரிடமிருந்து போன். "மதினி, பேப்பர் பாத்தீங்களா?" என்றாள். அதற்கு மேல் பேச முடியாமல் வைத்துவிட்டாள். முதல் நாள், 2023 மே 7 ஞாயிற்றுக்கிழமை, கேரளத்தில் மலப்புரம் மாவட்டம் தானூரில் உல்லாசப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்திருந்தார்கள். அவர்களில் பலர் குழந்தைகள். மீன்பிடி படகை மாற்றிக் கட்டிய இரட்டைத் தளப் படகு. அனுமதித்ததைவிட அதிகம் ஆட்கள். இருட்டிய பிறகு சவாரி. ஒரே குடும்பத்தில் மட்டும் எத்தனை பேர்!

நம் தமிழ்நாட்டிலும் நடந்ததுதான். 2011 கிறிஸ்துமஸ் நாளன்று பழவேற்காடு ஏரியில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். 2007 பிப்ரவரியில் கேரளத்தின் தட்டேக்காட்டில் பள்ளிச் சுற்றுலா போன பிள்ளைகளும் ஆசிரியைகளுமாக 18 பேர். 2024 ஜனவரி 18-ல் குஜராத்தின் வடோதரா ஹர்ணி ஏரியில் 12 பள்ளிக் குழந்தைகளும் 2 ஆசிரியைகளும். அங்கே எல்லாக் குழந்தைகளுக்கும் சட்டை கொடுக்கவில்லை. இதை எழுதும்போதே கை நடுங்குகிறது.

படகு விடுகிறவரின் கடமைகள்

1917-ம் ஆண்டின் பழைய சட்டத்துக்குப் பதிலாக 2021-ல் உள்நாட்டுக் கலங்கள் சட்டம் வந்திருக்கிறது. எஞ்சின் வைத்த படகு பதிவு செய்யப்பட வேண்டும். தகுதியானதா என்று பரிசோதித்துச் சான்று பெற வேண்டும். ஓட்டுகிறவர்களுக்குத் தகுதிச் சான்று வேண்டும். இது சட்டம். நமக்குப் புரிகிற மாதிரி சொன்னால், படகு விடுகிறவர் செய்ய வேண்டியவை இவை:

- எத்தனை பேர் ஏறலாம் என்று கண்ணில் படும்படி எழுதி வைத்து, அதற்கு மேல் ஒருவரைக்கூட ஏற்றாமல் இருப்பது. கைக்குழந்தையும் ஒரு உயிர்தான்.
- ஆளுக்கொரு உயிர்காப்புச் சட்டை, குழந்தைகளுக்குக் குழந்தை அளவிலேயே கொடுத்து, அணிந்த பிறகே படகை எடுப்பது.
- கிளம்பும் முன் இரண்டு நிமிஷம் பேசுவது: எங்கே உட்கார வேண்டும், ஏன் எழக்கூடாது, அவசரத்தில் எந்த வழியாக வெளியே வர வேண்டும்.
- வானம் இருண்டாலோ காற்று எழுந்தாலோ சவாரியை நிறுத்துவது. பொழுது சாய்ந்தபின் எடுக்காமல் இருப்பது.
- குடித்துவிட்டு வேலைக்கு வந்தவரைத் தண்ணீருக்கு அனுப்பாமல் இருப்பது.
- மிதவை வளையம், கயிறு, தீயணைப்புக் கருவி, உதவிக்கு அழைக்கும் வசதி ஆகியவை படகில் இருப்பது.
- தன் இஷ்டத்துக்கு மேல்தளம் கட்டுவது, கூரை போடுவது போன்ற மாற்றங்களைச் செய்யாமல் இருப்பது.

இவற்றில் எதையும் கேட்க நமக்கு உரிமை உண்டு. கடையில் கத்தரிக்காயைச் சொத்தை பார்த்து வாங்குகிற நாம், பிள்ளைகளை ஏற்றுகிற படகைப் பார்த்து ஏறக்கூடாதா? பயந்தவள் என்று நாலு பேர் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்!

தாய்மார்கள் கவனத்துக்கு

குழந்தைக்குச் சட்டை மாட்டியதும் இரண்டு தோள்பட்டையையும் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். சட்டை காது வரை ஏறி வந்தால் அது பெரிய அளவு. தண்ணீரில் குழந்தை அதிலிருந்து நழுவிவிடும். கால்களுக்கு நடுவே வரும் பட்டை இருந்தால் கட்டாயம் கட்டுங்கள். நாமும் முந்தானையைச் சொருகிக்கொண்டு, புடவைக்கு மேலே சட்டையை இறுக்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். முந்தானை சட்டைக்கு வெளியே பறந்தால் தண்ணீரில் முகத்தை மூடிவிடும், காலிலும் சுற்றிக்கொள்ளும். கைக்குழந்தையைத் துண்டாலோ துப்பட்டாவாலோ உடம்போடு கட்டிக்கொள்ளாதீர்கள். படகுக்குத் தக்க சின்னச் சட்டை இல்லையென்றால், அந்தச் சவாரி அந்தக் குழந்தைக்கு இல்லை. பாட்டியோ அத்தையோ கரையில் வைத்துக்கொள்ளட்டும்.

ஏறியதும் வெளியே வரும் வழி எது என்று பிள்ளைகளுக்குக் காட்டிவிடுங்கள். கண்ணாடி அடைத்த அறையைவிடத் திறந்த பக்கமே நல்லது. போட்டோ எடுக்க எழுந்து நிற்பது, ஓரத்தில் உட்கார்ந்து கையைத் தண்ணீரில் விடுவது இரண்டும் வேண்டாம். படகு கவிழ்ந்து மிதந்துகொண்டிருந்தால், கரை பக்கத்தில் தெரிகிறதே என்று நீந்தப் பார்க்காமல், படகையே பிடித்துக்கொண்டு ஆளைக் கூப்பிடச் சொல்லிக் கொடுங்கள்.

யாராவது தண்ணீரில் தத்தளித்தால் நீச்சல் தெரியாமல் குதிக்காதீர்கள். கயிறு, கம்பு, காலி பிளாஸ்டிக் குடம் எதையாவது வீசலாம். 2020 ஆகஸ்டில் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை அணையில் மூழ்கிக்கொண்டிருந்த இரண்டு இளைஞர்களை, மூன்று பெண்கள் தாங்கள் கட்டியிருந்த புடவைகளை வீசிக் கரை சேர்த்தார்கள். தமிழக அரசு அவர்களுக்குக் கல்பனா சாவ்லா விருது கொடுத்தது. புடவை நமக்கு இடைஞ்சல் மட்டுமல்ல, சமயத்தில் உயிர்க் கயிறும்கூட!

கரை சேர்த்த பிறகு

தண்ணீர் குடித்தவரைத் தலைகீழாகத் தூக்குவது, சுற்றுவது, வயிற்றை அமுக்குவது எல்லாம் தவறு. நேரம் வீணாகும்; வாந்தி வந்து மூச்சுக்குழலில் போய்விடும். சரியான முறை இது:

1. கெட்டியான தரையில் மல்லாக்கப் படுக்கவையுங்கள். ஒருவரை 108-க்கு போன் செய்யச் சொல்லுங்கள்.
2. தட்டிக் கூப்பிட்டும் அசைவு இல்லை, மூச்சும் இல்லை என்றால், தலையை லேசாகப் பின்னுக்குச் சாய்த்து, மூக்கைப் பிடித்து, வாயோடு வாய் வைத்து ஐந்து முறை ஊதுங்கள். நெஞ்சு மேலெழ வேண்டும். கைக்குழந்தை என்றால் மூக்கையும் வாயையும் சேர்த்து மூடி மெதுவாக ஊத வேண்டும்.
3. பிறகு நெஞ்சின் நடுவில் 30 முறை வேகமாக அமுக்கி, 2 முறை ஊத வேண்டும். குழந்தைக்கு ஒரு கை போதும்; கைக்குழந்தை என்றால் இரண்டு கைகளாலும் மார்பைச் சுற்றிப் பிடித்து இரண்டு கட்டைவிரல்களால் அமுக்க வேண்டும். மூச்சு வரும்வரை அல்லது ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தக்கூடாது.
4. மூச்சு இருந்து நினைவு மட்டும் இல்லையென்றால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். ஈரத் துணியைக் களைந்து போர்த்துங்கள்.
5. எழுந்து உட்கார்ந்துவிட்டாலும் ஆஸ்பத்திரியில் காட்டியே ஆக வேண்டும். நுரையீரலில் தண்ணீர் போயிருந்தால் சில மணி நேரம் கழித்தும் மூச்சுத்திணறல் வரலாம்.

இதைப் படித்தால் மட்டும் போதாது. செஞ்சிலுவைச் சங்கம் போன்ற அமைப்புகள் முதலுதவிப் பயிற்சி தருகின்றன. மாதர் சங்கத்திலோ, பிள்ளைகள் படிக்கும் பள்ளியிலோ ஒரு நாள் ஏற்பாடு செய்யச் சொல்லிக் கேளுங்கள். பள்ளியில் சுற்றுலாவுக்குப் பணம் கேட்டு நோட்டீஸ் வந்தால், படகுச் சவாரி உண்டா, யார் படகு, குழந்தை அளவில் சட்டை உண்டா என்று எழுதிக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். ஒரு தாய் கேட்டால் 'தொந்தரவு' என்பார்கள். பத்துத் தாய்மார் கேட்டால் ஏற்பாடு தானாக நடக்கும்.

தேக்கடியும் போங்கள், பிச்சாவரமும் போங்கள். சகோதரிகளே, தண்ணீரைப் பார்த்துப் பயப்படச் சொல்லி இதை எழுதவில்லை. படகில் கால் வைக்கும் முன் ஒரு நிமிஷம் நின்று தலைகளை எண்ணுங்கள், சட்டைகளை எண்ணுங்கள். இரண்டும் சரியாக இருந்தால் சந்தோஷமாக ஏறுங்கள். இல்லையென்றால், பணம் போனாலும் பரவாயில்லை என்று பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு கரையிலேயே நின்றுவிடுங்கள். கரையில் சூடாக வேர்க்கடலை விற்பார்கள். வாங்கிக் கொடுத்தால் அழுகை நின்றுவிடும்.